கொம்பன் கண்ணோரம் ஒரு கறை

போன வாரம் சஃபாரியில் எடுத்த கொம்பன் யானைப் படத்தைப் பெரிதாக்க, இன்று முகப்பேரில் ஒரு போட்டோ கடைக்குப் போனேன். ஃப்ரேம் முழுக்க அதன் முகம்தான்.

"கண்ணோரமா ஒழுகுற கறைய மட்டும் எடுத்துடுங்க" என்றேன்.

கடைக்காரர் திரையை உற்றுப் பார்த்தார். "கறை இல்ல சார், மதநீர். மதம் புடிச்சிகீது. எவ்ளோ தூரத்துல இருந்து எடுத்தீங்க?"

"ஜீப்லேர்ந்துதான். பத்தடி இருக்கும்."

அவர் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்தேன்.

அன்று, படம் ஆடுகிறது, எஞ்சினை அணையுங்கள் என்று ஜீப் டிரைவரிடம் மூன்று முறை கேட்டேன். அவர் அணைக்கவே இல்லை. பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சொன்ன பேச்சு கேட்கமாட்டார்" என்று எழுதி, அவருக்கு ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறேன்.

போட்ட ரிவ்யூவை எப்படி மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.