கொல்லைப்புறத்தில் இன்னொரு கடல்

என் கணவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். எனக்கு இளைப்பு இருந்ததால் கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொல்ல, இராமேசுவரம் தீவில் கடலை ஒட்டிய ஒரு துரை பங்களாவை வாடகைக்குப் பிடித்தார்.

அங்கே போய் இறங்கிய மறுநாள் காலை சின்ன மகளோடு கரையோரமாகச் சிப்பி பொறுக்கப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் மலை எந்தக் கைப்பக்கம் என்று பார்த்துக்கொண்டால் வழி தவறாது. அதேபோல, போகும்போது கடல் வலக்கைப் பக்கம், திரும்பும்போது இடக்கைப் பக்கம் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறவே, நிழலுக்காகப் பனங்காட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தோம். எதிரே கடல். அதை இடக்கைப் பக்கம் வைத்து நடந்துகொண்டே இருந்தேன்; பங்களாவைக் காணோம். காலையில் கண்மாய் மாதிரி கிடந்த தண்ணீர் இப்போது ஆளுயரம் எழும்பி இரைந்தது. அதற்குள் கடலுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் தாகத்தில் அழுதாள். எனக்கு மூச்சு வாங்கியது.

வலை காயப்போட்ட ஒரு அம்மாளிடம், “துரை பங்களாவுக்கு எங்கன போகணும்? வீட்ல அவுக தேடுவாக” என்றேன்.

“தீவுக்கு ரெண்டு பக்கமும் கடல்தான். இரையிற இது ஆண்கடல் தாயி, அமைதியாக் கிடக்கிறது பெண்கடல். பங்களா இருக்கறது பெண்கடல் பக்கம், காட்டுக்கு அங்கிட்டு” என்று தண்ணீர் கொடுத்து, கூடவே வந்து பங்களாவில் கொண்டுவிட்டாள்.

அன்றுதான் பங்களாவின் கொல்லைக் கதவைத் திறந்தேன். பனைகளுக்கு நடுவே அந்தக் கடலும் தெரிந்தது. வாசலில் கடலைக் கண்ட சந்தோஷத்தில் அதுவரை பின்பக்கம் நான் போகவே இல்லை.

இப்போது எந்த ஊரில் தங்கினாலும், பெட்டியை இறக்கியதும் முதலில் கொல்லைக் கதவைத்தான் திறக்கிறேன்.