அழுகிற முகமும் கழிப்பறைத் தாழ்ப்பாளும்

பொன்னேரியில் நடந்த பயிற்சியில் மாணவர் மனநலம் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்புச் சுவரில் சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம் என மூன்றை அட்டையில் வரைந்து ஒட்ட வேண்டும். பிள்ளைகள் காலையில் வந்ததும் மனசுக்கு ஏற்ற முகத்தின் கீழே தங்கள் பெயர்ச் சீட்டைச் செருக வேண்டும். அழுகிற முகத்துக்குப் போகிறவரிடம் ஆசிரியர் தனியாகப் பேச வேண்டும்.

எனக்கு ஓவியம் வராது. பழவேற்காட்டில் என் ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒட்டிய அழுகிற முகத்தைப் பார்த்து முன்பெஞ்சுக்காரன் கேட்டான்.

"டீச்சர், டச்சுக் கல்லறை வாசல்ல கீதே எலும்புக்கூடு, அதுவா இது?"

முதல் நாள் அவன் ஒருவன்தான் அங்கே சீட்டைச் செருகினான். வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் விசாரித்தேன். அவன் வீட்டு நாய்க்கு வாலில் காயமாம். தேற்றுவதற்காக ஒரு கடலைமிட்டாய் கொடுத்தேன். தப்பு அங்கேதான் நடந்தது.

மறுநாள் வகுப்பு முழுக்கத் துக்கம். சீட்டுகளின் கனத்தில் அட்டையே கிழியப் பார்த்தது.

"எங்க தாத்தா செத்துட்டாரு டீச்சர்."

"ஐயோ, எப்போ?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி."

அடுத்த நாளும் அதே கதை. செய்தி மீன் மார்க்கெட் வரை போய்விட்டது. மத்தியானம் ஒரு அம்மா மீன் கூடையை இடுப்பில் வைத்தபடியே வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், கிளாஸே அழுவுதாமே? யாரு அடிச்சது?"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரும் வந்தார். நான் அட்டையைக் காட்டி விளக்கினேன். சிரிக்கிற முகத்தின் கீழே ஒரே ஒரு சீட்டு இருந்தது. அது அந்த அம்மாவின் மகளுடையது.

"பாத்தீங்களா, எம்பொண்ணு மட்டும்தான் சிரிச்சிக்கினு கீது" என்று பெருமையாகத் திரும்பினார். அந்தப் பெண்ணோ உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

"அழுவுற மூஞ்சில இடமே இல்ல டீச்சர்!"

பக்கத்தில் உட்கார்த்திக் கேட்டேன். காதோடு சொன்னாள். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். இவளுக்குக் காவல் நிற்கிற தோழி திங்கட்கிழமை டூ விட்டுவிட்டாள். அன்றிலிருந்து இவள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததோ வியாழக்கிழமை.

ஆசிரியர் கழிப்பறைக்கு நல்ல தாழ்ப்பாள் உண்டு. இரண்டு வருடமாக நான் இதைக் கவனித்ததே இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் தலைமையாசிரியர் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்து, தானே திருகி மாட்டினார். சரியாக விழுகிறதா என்று பார்க்க உள்ளே போய்ப் போட்டார். 'டக்'கென்று விழுந்தது. பிறகு திறக்கவே இல்லை.

"டீச்சர்! வரமாட்டேங்குது!"

பள்ளிக்கூடமே ஓடிவந்தது. "டேய், பொண்ணுங்க கக்கூஸ்ல சாரு மாட்டிக்கினாரு!"

மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்தார். "சார், ஓரமா நில்லுங்க" என்று தோளால் ஒரே இடி. தாழ்ப்பாள் பறந்தது. மீசையெல்லாம் சிலந்திவலையோடு அவர் வெளியே வந்தார். பயமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சாய்ந்தாள். சாய்ந்தது டூ விட்டவள் தோளில். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மிட்டாயை நிறுத்தினேன். துக்கம் மூன்று பேராகக் குறைந்தது. அந்த மூவரிடமும் பேசுவதற்கு நேரமும் கிடைத்தது.

படகு பழுது பார்க்கிற, அந்தப் பெண்ணின் நைனா சனிக்கிழமை வந்து, படகுக்குப் போடுகிற கனத்தில் ஒரு தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார். இழுக்க இரண்டு கையும் வேண்டும். தலைமையாசிரியர் சோதித்துப் பார்க்க வரவில்லை.

அதன் பிறகு, பெண் பிள்ளைகளின் "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்" தொல்லை தாங்க முடியவில்லை. பதினோரு மணிக்கே பானை காலி.