குழாயடியைப் பார்த்து எரிந்த விளக்கு

செல்வி அக்காவைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கம் தருவதையும் விடமாட்டேன். கழக்கூட்டத்தில் நம் பள்ளி வாயிலில் காவலாளியாக நின்ற அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யாரும் இல்லை. திங்கட்கிழமை காலை அங்கே வேறொரு காவலாளி நின்றார். “செல்வி சேச்சி போயி, மோளே. ஹார்ட்டு” என்று மலையாளத்தில் அக்காவின் சாவைச் சொன்னார். அக்கா தினமும் கேட்கும் அடையாள அட்டையை அன்று நானே எடுத்துக் காட்டினேன். அவர் கேட்கவே இல்லை.

அக்கா நாகர்கோவில்காரர். மத்தியக் காவல் படையில் இருந்தபோது, சர்வதேச அமைதிப் படையின் பெண்கள் பிரிவில் ஆப்பிரிக்காவுக்குப் போனவர். அங்கே ஒரு குழாயடிக்குக் காவல். “எங்க போஸ்ட்டுல லைட்டு எரிஞ்சாத்தான் பொம்பளைங்க தண்ணிக்கு வருவாளுவ. அவ்வளவுதான் மக்களே என் வீரம்” என்பார். அங்கே அவர் பெயரே இந்தியாதானாம். ‘ஏ இந்தியா, வாளியைப் பிடி’ என்று அந்தப் பெண்கள் அதிகாரம் செய்வார்களாம்.

நம் பள்ளி விவாதப் போட்டியில், அமைதிப் படையிலிருந்து இந்தியா விலக வேண்டும் என்ற அணியில் நான் இருந்தேன். எழுதியதை வாயிலில் நின்று படித்துக் காட்டினேன். “உலக சபையில் நிரந்தர இடம் பிடிக்க வீரர்களின் உயிரைப் பணயம் வைக்கிறோம்.” கோபப்படுவார் என்று பயந்தேன்.

“செரிதான். நாடு காரணமில்லாம அனுப்புமா? நாலு நாடு நம்ம பக்கம் நிக்கணும்லா? அதுல தப்பில்ல. திரும்பக் கூப்பிடணும்னே பேசு. ஆனா லைட்டை ஆரு அணைக்கதுன்னும் சொல்லணும், கேட்டியா?”

“யாருக்கா அணைச்சது?”

“நான்தான். முகாம் காலி பண்ணுன அன்னிக்கு. ரெண்டு பேரு வாளியோட வந்துட்டு இருந்தாளுவ. நின்னு பாத்தாளுவ. திரும்பிப் போயிட்டாளுவ.”

போட்டியில் இதைச் சொன்னால் எதிரணி ஜெயித்துவிடும் என்று விட்டுவிட்டேன். முதல் பரிசு கிடைத்தது. அக்கா அரங்கின் வாசலில் நின்று முழுவதும் கேட்டிருந்தார்; எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். “ஜெயிச்சிட்டியே மக்களே! பின்னே, ஐ.டி. கார்டு எங்கே?” என்றார். விட்டுப்போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நேற்று அதே அரங்கில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னேன். இனி எதற்கு ஆதரவாகப் பேசினாலும் அவர்களை விட்டுவிட்டுப் பேசமாட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

அரங்கைப் பூட்டுமுன் அக்கா மூன்று முறை குரல் கொடுப்பாரே, நினைவிருக்கிறதா? எல்லோரும் போனபின் நானும் கேட்டேன்: “உள்ளே ஆராவது உண்டா?”

மூன்றாவது முறையும் பதில் இல்லை. விளக்குகளை அணைத்தேன்.