இடித்த வீட்டின் ஜல்லி

ஐரின் கல்யாணமாகி சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊருக்கு வந்தபோது, அவள் புருசன் அந்தோணிராஜுக்குக் கல்குவாரியில் வேலை. கம்பிரசர் வைத்துப் பாறையில் துளை போடுவான். துளைக்குள் மருந்தைக் கெட்டித்து வெடிக்க வைத்ததும் பாறை பிளந்து சரியும். லாரிகள் அள்ளிக்கொண்டு ஜல்லி உடைக்கும் கிரஷருக்குப் போகும். வெடி வைக்கிற நேரத்துக்கு முன்னால் ஐரின் பரண் மேலிருக்கும் பாத்திரங்களைத் தரையில் இறக்கி வைத்துவிடுவாள். அப்படியும் வீட்டுச் சுவரில் விழுந்த கீறல் வருசா வருசம் நீண்டது. கொல்லையில் முருங்கை இலையைக் கழுவாமல் ஆய முடியாது, அவ்வளவு தூசி. குவாரி ஆழமானபோது அதில் ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே இறைத்தார்கள். ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின.

இருமல் முற்றி, தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் அந்தோணிராஜ் வேலையை விட்டான். வீடு கொஞ்ச நாள் வாட்டமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் பழைய கதவு ஒன்று வாங்க ஐரின் திண்டுக்கல்லுக்குப் போனாள். சௌகத் அலி பழைய வீடுகளை இடித்துக் கதவு, ஜன்னல் விற்பவர். அவர் பட்டறைக்குப் பின்னால் இடித்த கான்கிரீட் மலை மாதிரிக் குவிந்திருந்தது. அது எங்கே போகும் என்று கேட்டாள்.

"கம்மாக்கரையில கொட்டிட்டு வர்றோம். வேற என்னம்மா செய்ய?" என்றார் அவர் கொஞ்சம் கூச்சத்தோடு.

ஐரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே ஜல்லிக்காக மலையைப் பிளக்கிறார்கள். இங்கே அதே ஜல்லியைக் கண்மாயில் போட்டு மூடுகிறார்கள்.

"ஒரு லோடு எங்க வீட்டுக்குப் போடுங்க, பாய்."

கம்பியைப் பிரித்து, செங்கல்லை ஒதுக்கி, கான்கிரீட்டைச் சுத்தியலால் உடைத்துச் சலித்தாள். சிமெண்டும் எம்-சாண்ட் மணலும் கலந்து தரைக்குப் பதிக்கும் பேவர் கல் வார்த்தாள். முதல் முறை வார்த்தது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அந்தோணிராஜ் ஒரு துண்டை எடுத்து உருட்டிப் பார்த்தான். ஜல்லியில் ஒட்டியிருக்கும் பழைய சிமெண்ட், கலவையின் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று அவனுக்குத் தோன்றியது. அடுத்த முறை ஜல்லியை முதலில் ஊறவைத்தார்கள். கொஞ்சம் புது ஜல்லியும் சேர்த்தார்கள். வார்த்த கல்லை நன்றாக நனைத்துக் காயவிட்டு, அதன் மேல் ஏறி நின்று இருவரும் குதித்தார்கள். கல் அசையவில்லை. கல்யாணமான புதிதில்கூட இருவரும் சேர்ந்து அப்படிக் குதித்ததில்லை.

மகளிர் குழுப் பெண்கள் சிலர் கைகொடுக்க, தண்ணீர் தெளித்தபடியே உடைக்கும் சின்ன கிரஷர் ஒன்று ஊருக்கு வெளியே ஓடத் தொடங்கியது. உடைக்கிற இடத்துக்கு அந்தோணிராஜை ஐரின் விடவே மாட்டாள். வார்க்கிற இடம் அவன் பொறுப்பு.

மாதா கோயில் வாசல் சேறாகி, திருவிழாத் தேர் வருசந்தோறும் அங்கே மாட்டிக்கொள்ளும். தன் கல்லைப் பதித்துத் தருவதாக ஐரின் சொன்னபோது, கோயில் கமிட்டி ஆனந்த்ராஜ் முகம் சுளித்தார்.

"இடிஞ்ச வீட்டுக் கல்லு மேல மாதா தேர ஓட்டச் சொல்றியா?"

"இடிஞ்சது வீடுதான் மாமா. கல்லுக்கு ஒண்ணும் ஆகல."

பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே சரியென்றார்.

திருவிழா அன்று வழக்கம்போலத் தேரைத் தள்ள ஆள்கள் மூச்சைப் பிடித்து நின்றார்கள். தள்ளியதுதான் தாமதம், தேர் வழுக்கிக்கொண்டு ஓடியது. முன்னால் போன பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதுவதை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. கூட்டம் சிரித்த சிரிப்பில் ஜெபம் நின்றுபோனது. மனைவி நர்கீஸோடு வந்திருந்த சௌகத் அலி, அந்தக் கல் தன் லோடு என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். கண்மாய்க்கரைக்கு அவர் லாரி போவது நின்று நாளாகியிருந்தது.

குவாரி இன்னும் ஓடத்தான் செய்கிறது. ஆனாலும் காந்திகிராமம் வரைக்கும் ஐரினின் கல் போகிறது. அந்தோணிராஜ் இருமாமல் தூங்குகிறான்.

போன மாதம் ஆனந்த்ராஜ் வந்து, தன் பழைய வீட்டை இடிக்கப் போவதாகச் சொன்னார். "எங்கப்பா கட்டுன வீடு. அந்தக் கல்ல வேற யாருக்கும் குடுத்துராத. புது வீட்டு வாசலுக்கு எனக்கே போட்டுத் தாம்மா" என்றார்.

ஐரின் உள்ளே போய் அவருக்குக் காப்பி போட்டாள்.