பித்தளை டம்ளரும் பேப்பர் கப்பும்

காப்பி விஷயத்தில் எனக்கு வாய் நீளம். யார் வீட்டுக்குப் போனாலும் டிகாக்‌ஷன் இறங்கியது போதாது, பால் காய்ந்தது அதிகம் என்று சொல்லாமல் எழுந்து வந்ததில்லை. அதை ஒரு ரசனை என்று நானே நினைத்துக்கொண்டு பல வருஷம் திரிந்தேன். இப்போது நினைத்தால் வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அரியலூரில் ஒரு ஆபீஸில் எனக்கு வேலை. வீடு பெரம்பலூர். தினமும் அதே பஸ்ஸில் அதே ஆபீஸுக்கு இன்னொருத்தியும் வந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். சிமெண்ட் லாரிகளின் புழுதியில் ஜன்னலை மூடிக்கொண்டு, ஒரே சீட்டில் உட்கார்ந்து, குன்னம் வருவதற்குள் இரண்டு குடும்பத்துக் கதையையும் பேசி முடித்துவிடுவோம். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர்களில் பெண்கள் டீக்கடை வாசலில் நின்று குடிக்கிற பழக்கம் இல்லை. அதனால் ரொம்ப நாள் பிளாஸ்க் தூக்கிக்கொண்டு அலைந்தோம். பிறகுதான் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் காப்பிக் கடைகள் இரண்டு வந்தன. இரண்டிலும் நாற்காலி உண்டு, பெண்கள் தனியாகப் போய் உட்கார்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் ஒன்றுக்கு அடிமையானேன், அவள் மற்றதற்கு.

என் கடை பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம், ஹைவேயில். பித்தளை டவரா, பித்தளை டம்ளர், சுவரில் மாட்டு வண்டி ஓவியம், 'பாட்டன் காலத்து ருசி' என்று பெரிய எழுத்தில் போர்டு. சென்னைக்குப் போகிற கார்க்காரர்கள் இறங்கி, டம்ளரை வெயிலில் பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் குடிப்பார்கள். ரிட்டையரான சில பெரியவர்களுக்கு மூலை மேஜை எழுதாத பட்டாவாக இருந்தது.

அவள் கடை அரியலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில். மெஷின் காப்பி, பேப்பர் கப், கண்ணாடிப் பெட்டிக்குள் சாக்லேட் தடவிய டோனட். காலேஜ் பிள்ளைகள், நர்ஸுகள், லாரி டிரைவர்கள் என்று எப்போதும் கும்பல். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆபீஸ் விட்டதும் அவள் நேராக அங்கே போய் ஒரு காப்பியும் ஒரு டோனட்டும் வாங்குவாள். நானும் கூடப் போவேன், குறை சொல்வதற்காகவே.

"இது காப்பியாடி, அட்டப்பொட்டிய ஊறவச்ச தண்ணி. அந்த ஓட்ட பன்னு காசுக்கு நாலு உளுந்து வட திங்கலாம்."

"உங்க பித்தளையில மட்டும் அமுதமா ஊறுது? எனக்கு இது போதுங்க்கா" என்று சிரிப்பாள்.

என் கடைக்கு மட்டும் வர மாட்டாள். பெரம்பலூரில் இறங்கியதும் நான் கையைப் பிடித்து இழுத்தால், வூட்டுக்கு நேரமாச்சு, வயிறு சரியில்ல என்று ஏதாவது சொல்லி நழுவுவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. டோனட் தின்று நாக்கு செத்துவிட்டது, அதனால் நல்ல காப்பிக்குப் பயப்படுகிறாள் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, கண் ஆஸ்பத்திரிக்கு அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் வந்திருந்தாள். அவருக்கு அரும்பாவூர் பக்கத்துக் கிராமம். காடு கழனியில் கூலி வேலை பார்த்து இவளைப் படிக்க வைத்தவர். நாலு ரோட்டில் எதிர்ப்பட்டார்கள். எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "அப்பாவே குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும், எந்தக் கடை காப்பி நல்ல காப்பின்னு" என்றேன். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவர், "இருக்கட்டும் தாயி, நீங்க போயிட்டு வாங்க, நா இங்கனயே நிக்கிறேன்" என்றார். என்னை அவர் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதை, பாவம் எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷர் என்று எடுத்துக்கொண்டேன். விடாமல் உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தேன்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தார். முடித்ததும் டவராவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து, இரண்டையும் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுவரோரம் தரையில் கவிழ்த்து வைத்தார்.

கல்லாவில் இருந்தவர், "ஐயா, வைங்க, நாங்க கழுவிக்குவோம்" என்றார். கார்க்காரக் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. நான் சத்தமாகச் சிரித்தேன்.

"வூட்ல அம்மாவுக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலையே இல்ல போலருக்கே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பாதி காப்பி மிச்சமிருந்த தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மிச்சத்தைக் கொட்டிவிட்டு, அதே குழாயில் கழுவி, அப்பாவின் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். தோற்றுப்போன கோபம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அவர், "காப்பி நல்லாருந்துச்சு தாயி" என்றார். போதாதா எனக்கு?

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினதும், "அப்பா தீர்ப்பு சொல்லிட்டாரு பாத்தியா" என்று ஆரம்பித்தேன். அவள் ஜன்னலை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கூரு டீக்கடையில எங்கப்பாவுக்குத் தனி டம்ளருக்கா. குடிச்சிட்டு அவரே கழுவிக் கவுத்து வச்சிட்டு வரணும். இப்ப அந்தக் கடையும் இல்ல, கடக்காரரும் இல்ல. ஆனா கடையில டம்ளரப் பாத்தா அவரு கை தானா தண்ணியத் தேடுது. அதான் அவர பேப்பர் கப் கடைக்கே கூட்டிட்டுப் போவேன். அங்க யாரும் கழுவ வேணாம். எல்லாரு கப்பும் ஒரே தொட்டியிலதான் வுழுது."

"எனக்கு இதெல்லாம் தெரியாதேம்மா" என்றேன்.

பொய். என் பிறந்த ஊர் உடையார்பாளையம் பக்கம், முந்திரிக் காடு வைத்திருந்த குடும்பம். கொட்டை பொறுக்க வருகிறவர்களுக்கென்று கொல்லைச் சுவர் மாடத்தில் அலுமினிய டம்ளர்கள் இருந்தன. அவற்றில் காப்பி ஊற்றியவள் நான். பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டையோடு, கை உயர்த்தி, டம்ளரில் சொம்பு படாமல் ஊற்றியிருக்கிறேன். அவர்கள் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதே காரியத்தை அவள் அப்பா பித்தளையில் செய்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை, சிரிப்பு வந்தது. இதை அன்றைக்கே அவளிடம் சொல்லி அழுதிருந்தால் ஒருவேளை எங்களுக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. அக்கா என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. பஸ்ஸில் பேச்சு மட்டும் மெல்லக் குறைந்தது. அரியலூரிலேயே வீடு கட்டிக்கொண்டாள். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை கொடுத்தாள். அன்றைக்கு எப்படியாவது சொல்லிவிடுவது என்று ஒரு முடிவோடு போனேன்.

கூடத்தில் உறவுக்காரர்கள் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அப்பா அவசரமாக எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பேப்பர் கப் இருந்தது.

"புதுசு தாயி. உங்களுக்குன்னுதான் வாங்கியாந்தோம். இப்பத்தான் கட்டப் பிரிச்சேன்" என்றார்.

எனக்கும் டம்ளரிலேயே கொடுங்கப்பா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அடுப்படி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் வாய் வரவில்லை. காப்பியில் ஊர்க் குற்றமெல்லாம் கண்டுபிடித்த அதே வாய்.

கப்பை வாங்கிக் குடித்தேன். "காப்பி நல்லாருக்குப்பா" என்றேன்.

அவள் நிலைப்படியிலிருந்து விலகி உள்ளே போய்விட்டாள். உறவுக்காரர்கள் டம்ளர்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தார்கள். கழுவி வைப்பதற்கு என் கையில் எதுவும் இல்லை.