முற்றத்துக்குக் கல் பதித்த செலவு

எங்கள் முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிக்க வேண்டி வந்ததற்குக் காரணம், மாமியைப் பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு மாப்பிள்ளையின் தாயார் வழுக்கி விழுந்ததுதான். மாமி, அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாதபடியால் எங்களோடு இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். ஓர்ஸ் ஹில்லில் சரிவான நிலத்தில் இருந்தது எங்கள் வீடு. கார்த்திகை மழைக்குத் தெருப் படலையிலிருந்து வாசல்வரை ஒரே சேறு. அந்த அம்மா நாலடி நன்றாகத்தான் வைத்தார். ஐந்தாவது அடியில் பட்டுச் சேலையோடு சேற்றில் இருந்துவிட்டார். ஒரு கிழமை கழித்து, சாதகக் குறிப்புப் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

அது குழம்பிப்போன மூன்றாவது சம்பந்தம். மாமிக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. முந்திய இரண்டும் நல்ல வெயில் காலத்தில் குழம்பியவை என்பதை மறந்து, அப்பா பழி முழுவதையும் சேற்றின்மேல் போட்டார்.

மழை விட்டதும் கிண்ணியாவிலிருந்து ஒரு மேசனைக் கூப்பிட்டார். அவர் முற்றத்தைக் காலடியால் அளந்து, சற்று யோசித்து ஒரு தொகை சொன்னார். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு அது இரண்டு மாதச் சம்பளம். குறைக்கும்படி கேட்டதற்கு, “மண், சீமெந்து, கூலி எல்லாம் சேர்த்துத்தான் சொன்னனான் சேர். குறைக்க ஏலாது” என்றார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, பாதிச் செலவில் தானே செய்து காட்டுவதாக அம்மாவிடம் சொன்னார். அலுமாரிக்குக் கால் வைக்கிறேன் என்று அப்பா முன்பொருமுறை இறங்கியதை அம்மா மறக்கவில்லை.

பலகையால் இரண்டடிச் சதுர அச்சு ஒன்று அடித்தாயிற்று. ஆற்று மண்ணும் சல்லிக்கல்லும் வந்து இறங்கின. சனி, ஞாயிறுகளில் அப்பா குழைத்து வார்த்தார். காய்கிற கற்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு எட்டு வயது. அதைவிடப் பெரிய பதவி எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

வார்ப்பதில் பிழையில்லை. பதிக்கத் தொடங்கியபோதுதான் ஒரு கல் மேலே நின்றது, பக்கத்துக் கல் கீழே போனது. கந்தோரில் கட்டடப் படம் வரைகிற ஒருவரை அப்பா உதவிக்குக் கூட்டிவந்தார். சாம்பல்தீவுக்காரர். ஒல்லியான, அதிகம் கதையாத மனிதர். நடுவில் காற்றுக்குமிழி ஓடுகிற ரசமட்டமொன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, குந்தியிருந்து ஒவ்வொரு கல்லாக மட்டம் பார்த்தார். ஒரு சனிக்கிழமைக்கென்று வந்தவர் அடுத்த சனியும் வந்தார். பிறகு கந்தோர் விட்ட கையோடு கிழமை நாட்களிலும் வரத் தொடங்கினார்.

அவர் வந்த பிறகு வேலை சுத்தமானது, ஆனால் முடியவில்லை. முந்தின நாள் சரியாக இருந்த கல்லில் மறுநாள் பிழை கண்டுபிடிப்பார்.

“அண்ணை, இந்த மூலை கொஞ்சம் பதிஞ்சு போச்சுது. கழட்டித்தான் போட வேணும்.”

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு கழற்றுவார். கழற்றும்போது ஒன்றிரண்டு உடையும். உடைந்ததற்குப் பதிலாகப் புதிதாக வார்க்க வேண்டும். சீமெந்து கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. சீனியும் பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான். நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க, அவருக்கு மட்டும் சீனி போட்டுப் போகும். கொண்டுபோய்க் கொடுப்பது மாமி. மாமியின் கணக்குப் புத்திகூட அந்தச் சீனியில் பிழை விட்டது. எத்தனை கரண்டி போட்டாரோ, ஒருநாள் மிச்சத்தைக் குடித்துப் பார்த்தேன், சீனிப்பாணி மாதிரி இருந்தது.

ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட முன்னம், வாளியோடு முற்றத்துக்குப் போனேன். மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரும்பு அலவாங்கால் ஒரு கல்லைக் கிளப்பிப் பிடித்திருந்தார். மற்றக் கையால் அடியிலிருந்து இரண்டு பிடி மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, கல்லைப் பழையபடி இறக்கினார். நிமிர்ந்தபோது என்னைக் கண்டார்.

“எறும்பு கூடு கட்டியிருக்கோ எண்டு பாத்தனான்” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். எறும்பு இல்லை.

குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அகப்பையைப் பிடித்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

“அப்பாவிட்டை இதைச் சொல்லக் கூடாது பிள்ளை, விளங்குதே?”

விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.

அன்று பின்னேரம் அப்பா களைத்துப்போய் வந்தார். மேசன் கேட்டதைவிட ஏற்கெனவே கூடப் போய்விட்டது, வருகிற சனியோடு எப்படியும் முடிக்க வேண்டும் என்றார். ஐந்து சதத்துக்கும் மீன்காரனோடு வாதாடுகிற அம்மா, அவரிடம் ஆறுதலாகச் சொன்னார்:

“இஞ்சேருங்கோ, கிணத்தடியும் சேறாத்தானே கிடக்குது. அங்கையும் போடுங்கோ.”

அதற்கு எவ்வளவு செலவாகும் தெரியுமா என்று அப்பா கேட்டார். போனால் போகட்டும், அந்தத் தம்பி உதவிக்கு இருக்கும்போதே செய்துவிடுவதுதான் புத்தி என்றார் அம்மா. எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் தண்ணீர் தெளிக்கலாம்.

கிணற்றடியில் ஏழு கல் பதித்தாயிற்று. எட்டாவதற்கு முன் ஒரு ஞாயிறு காலையில் சாம்பல்தீவுக்காரர் தன் தாயாரோடு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தாயார் படலையிலிருந்து வாசலுக்கு வரும்வரை அப்பா அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வழுக்கவில்லை. கதிரையில் அமர்ந்து, கற்கண்டுப் பொதியை அம்மாவின் கையில் கொடுத்து, தங்களுக்குக் குறிப்புப் பார்க்கிற பழக்கமில்லை என்றார். அப்பா முகத்தைச் சால்வையால் துடைத்துக்கொண்டார்.

வைகாசியில் முற்றத்திலேயே பந்தல் போட்டுக் கலியாணம் நடந்தது. மாமி நாள் முழுக்கச் சிரித்தபடி இருந்தார். அப்பா வந்தவர்களை எல்லாம் கற்களில் நடந்து பார்க்கச் சொன்னார். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, வீட்டின் பின்பக்கத்தில் கோபத்தோடு நின்றேன். கிணற்றடியில் ஏழே ஏழு கல். மிச்சம் சேறு. மண் குவியல் குவித்தபடி கிடந்தது. செய்ய வேண்டியவரோ மாலையும் கழுத்துமாக முன்னால் இருக்கிறார். வேலையை இப்படிப் பாதியில் விட்டுவிட்டு, எல்லாரும் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.