அம்மாவின் இருமலும் அப்பாவின் அட்டையும்

எங்கள் மலை டவுனான பிரிஞ்சாங்கில் டீ குடிக்க உட்கார்ந்தால் யாராவது இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார்கள். வைத்தியத்தை அரசாங்கம் நடத்துவதா, தனியாரிடம் விடுவதா என்று. நான் பாதி டீயோடு எழுந்துவிடுவேன். எனக்கு இரண்டு பக்கத்தின்மேலும் கோபம் உண்டு.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முன்பு ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. நிர்வாகம் அதை மூடிவிட்டு டவுனில் ஒரு தனியார் கிளினிக்கோடு ஒப்பந்தம் போட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் அங்கே இலவசமாகக் காட்ட அட்டை, குடும்பத்துக்குக் கிடையாது. அப்பாவுக்குக் கிடைத்தது. அம்மா எஸ்டேட்டுக்கு ஆள் கொண்டுவரும் குத்தகைக்காரரிடம் கொழுந்து பறித்தவள், அவளுக்கு இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு அதிகமில்லை, ஆனால் ஒரு நாள் முழுக்க வரிசையில் போய்விடும். பறிக்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது. குத்தகைக்காரரைக் கேள்வி கேட்க எந்த அதிகாரியும் மலையேறி வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் லயத்து வீடுகளில் மற்றவர்கள் செய்ததையே நாங்களும் செய்தோம். அம்மாவின் இருமலை அப்பா தன் இருமலாகச் சொல்லி மருந்து வாங்கி வருவார். சொல்ல வேண்டியதை மலாயில் எழுதிக் கொடுத்தது நான். எத்தனை வாரம், காய்ச்சல் எப்போது, சளி என்ன நிறம். அப்பா பஸ்ஸில் அதை மனப்பாடம் செய்துகொண்டே போவார். என் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாவது தடவை கிளினிக் டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்திருக்கிறார். அப்பா சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

"நெஞ்சு கிளியரா இருக்காம் லா. பயப்பட ஒண்ணுமில்ல."

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. மறுநாள் கூடையோடு வேலைக்குப் போனாள். நானும் நம்பினேன். மூன்று பேரும் எப்படி நம்பினோம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எக்ஸ்ரே பார்த்த தமிழ்ப் பெண் டாக்டர், இரண்டு நுரையீரலும் கெட்டுப்போயிருக்கிறது, ஏன் இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காட்டினோம் டாக்டர். நெஞ்சு கிளியரா இருக்குன்னு சொன்னாங்க."

யாரைச் சோதித்துச் சொன்னார்கள் என்று அவர் கேட்டார்.  அப்பாவின் கை அவர் நெஞ்சின்மேலேயே போய் நின்றது.

"அவரு மேல தப்பில்ல டாக்டர்" என்றாள் அம்மா. "நான்தான் அனுப்பினேன்."

இரண்டு வாரத்தில் அம்மா போய்விட்டாள். அப்பா சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான் என்று அந்தத் தமிழ் டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை.